பத்தில் ஒன்றை மறித்தவர்

என்னுடைய கலியாணத்துக்கு எங்கள் ஓவசியர் தொண்ணூறு ரூபா அன்பளிப்புத் தந்தார். என்வலப்புக்குள் காசோடு ஒரு துண்டும் இருந்தது. ‘மிகுதி ரூபா பத்து, ஒரு வருடம் கழிந்தபின், குறைபாடு எதுவும் காணப்படாவிடின் வழங்கப்படும்’ என்று முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, கீழே திகதியிட்டு ஒப்பமும் வைத்திருந்தார். பகிடி விடுகிறார் என்று நினைத்து நானும் சிநேகிதர்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். புதுப் பெண்டாட்டி மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் துண்டை நாலாக மடித்து நகைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

பகிடி இல்லை என்பது சரியாக ஒரு வருடம் கழித்து, அதே திகதியில், அவருடைய சைக்கிள் மணி எங்கள் படலையடியில் அடித்தபோது தெரிந்தது. கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தோம். கொப்பியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

“தங்கச்சி, ஒரு வருசம் முடிஞ்சுது. ஏதும் குறை கண்டனீங்களோ?”

என் மனைவி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. இதற்காகவே காத்திருந்தவள் போலச் சொன்னாள். “ஒண்டுதான் ஐயா. இவர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட வாறேல்லை. சோறு கறியெல்லாம் ஆறிப்போகுது.”

அவர் எழுதினார். எழுதி முடித்து மை காயும்வரை பொறுத்திருந்து கொப்பியை மூடினார். “தம்பி, பதினாலு நாள் தாறன். திருத்துங்கோ.”

பதினைந்தாம் நாள் பன்னிரண்டரைக்கு அவர் வந்தபோது நான் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் குந்தியிருந்தேன். வேலைத்தளத்தில் கொங்கிறீற்றைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், சோற்றில் ஆவி பறப்பதைப் பார்த்தார், ‘திருத்தப்பட்டது’ என்று எழுதினார், பத்து ரூபாவை மனைவியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இன்றுவரைக்கும் நான் பன்னிரண்டரைக்குத்தான் சாப்பிடுகிறேன். பிந்தினால் நெஞ்சு படபடக்கிறது.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. முழுப் பெயரையும் எழுதினால் கடைசி எழுத்தையாவது ஒரு வருடம் மறித்து வைக்கச் சொல்லியிருப்பார். அந்தத் தொல்லைக்கு முழுவதையுமே மறித்துவிடுவது சுகம்.

அந்தக் காலத்தில் நான் சின்னச் சின்ன அரசாங்கக் கட்டடங்களைக் கொந்தராத்துக்கு எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் அரசாங்கத்தின் ஓவசியர். நான் கட்டியதை அளந்து பார்த்து, பில்லில் ஒப்பம் வைக்கிறவர். அரசாங்கக் கட்டடம் கட்டுகிறவனுக்கு முழுக்காசையும் ஒரேயடியாகத் தரமாட்டார்கள். ஒவ்வொரு பில்லிலும் பத்தில் ஒரு பங்கை மறித்து வைப்பார்கள். கட்டி ஒப்படைத்து ஒரு வருடம் போனபின் ஓவசியர் வந்து, வெடிப்பு இல்லை, ஒழுக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் அந்தப் பங்கு வெளியே வரும். என் வேலையாட்கள் அதை மறியல் காசு என்பார்கள். எங்கள் பக்கத்தில் மறியல் என்றால் சிறை. குற்றம் செய்யாமலே ஒரு வருடம் உள்ளே இருக்கிற காசு.

மற்ற ஓவசியர்மாருக்கு அது சட்டத்தில் உள்ள ஒரு பிரிவு. ஒரு சேவலோ ஒரு போத்தலோ போனால் ஒரு வருடம் ஒன்பது மாதமாகச் சுருங்கும். இவருக்கு அது இரத்தத்தில் ஓடியது. அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தால் ஒன்பது பங்கைக் குடித்துவிட்டுக் கடைசி மிடறைக் கோப்பையிலேயே வைத்திருப்பார். அரைமணித்தியாலம் அரிசி விலை, மழை, மலேரியா எல்லாம் கதைப்பார். வயிறு ஒன்றும் சொல்லாவிட்டால் அந்த ஆறிய மிடறையும் குடித்துவிட்டு, “நல்ல தேத்தண்ணி” என்பார். அதற்கு முன்னர் நல்லதென்றோ கெட்டதென்றோ ஒரு சொல் வராது. மல்லாவிச் சந்தையடிச் சலூன்காரருக்குத் தலைமயிர் வெட்டிய காசில் பத்தில் ஒன்பதைக் கொடுப்பார். பத்து நாள் கழித்துப் போய், கண்ணாடிக்கு முன்னால் நின்று, இரண்டு பக்கமும் ஒரே சீராக வளர்ந்திருக்கிறதா என்று அடிமட்டத்தால் அளந்து பார்த்து மிகுதியைக் கொடுப்பார். சலூன்காரர் முதலில் தூஷணத்தால் ஏசினார். பிறகு வருகிறவர்களிடமெல்லாம், “ஓவசியரிட்ட முழுக்காசு வாங்கின கை இது” என்று கையைத் தூக்கிக் காட்டத் தொடங்கினார்.

அவருடைய தாயார் மோசம்போனபோது செத்தவீட்டில் அவர் ஒரு துளி அழவில்லை. வந்தவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார், பந்தல் கால் சரிவாக நிற்கிறதென்று தானே பிடுங்கி நேராக நட்டார். கல்நெஞ்சுக்காரன் என்று சொந்தக்காரர் காதுபடவே சொன்னார்கள். ஒரு வருடம் கழித்து ஆட்டத்திவசத்துக்கு நானும் போயிருந்தேன். எல்லாரும் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, எழும்புகிற நேரம் அவர் கிணற்றடியில் போய் இருந்து அழத் தொடங்கினார். வாய்விட்டு, ஊருக்கே கேட்கும்படி, ஒரு மணித்தியாலம் அழுதார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“முதல் நாள் எல்லாம் நல்லாத்தானே தம்பி இருக்கும். நானும் முதல் நாள் நல்லவன்தான். ஒரு மாரி போகட்டும், பிறகு கேளுங்கோ” என்றார்.

இனி அந்தப் பிரசவ வாட்டின் கதைக்கு வருகிறேன். அது ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு நான் கட்டியது. வாட்டு, பிரசவ அறை, தண்ணீர்த் தாங்கி, கழிவு வாய்க்கால், மலக்குழி என்று என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த மிகப் பெரிய வேலை. அந்த வேலைக்குக் காசு ஒதுக்கியதும் அரசாங்கம்தான். வவுனியாவுக்கு வடக்கே சீமெந்து போகக்கூடாது என்று தடை போட்டதும் அதே அரசாங்கம்தான். சீமெந்து இல்லாமல் எப்படி ஆஸ்பத்திரி கட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. ஓவசியர் கணக்குப் பார்த்து, எண்பது பை வேண்டுமென்று விசேட அனுமதிக்கு எழுதினார்.

“சேர், நூறெண்டு எழுதுங்கோ. தாண்டிக்குளத்தில ஆமிக்காரன் ஒவ்வொரு பையையும் கம்பியால குத்திப் பாப்பான். குத்தின ஓட்டையால பாதி கொட்டுப்படும்” என்று கெஞ்சினேன்.

“வேலைக்கு எண்பதுதான் வேணும்.”

“கொட்டுப்படுறதுக்கு ஒரு இருபது சேர்த்து…”

“கொட்டுப்படுறதை நான் இன்னும் பாக்கேல்லையே தம்பி. பாக்காததை எப்பிடி எழுதுறது?”

ஏழு மாதம் கழித்து அனுமதி வந்தது. எண்பது பையும் கம்பிக் குத்து வாங்கி, மழை ஈரம் ஏறி, அறுபத்துமூன்று பைதான் சீமெந்தாக வந்து சேர்ந்தது. மிகுதி பதினேழும் கல். அவர் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்து, ‘பார்க்கப்பட்டது’ என்று எழுதி, மேலும் பதினேழு பைக்கு விண்ணப்பித்தார். இன்னும் நாலு மாதம் போனது. அந்த நாலு மாதமும் நான் அவரை மனதுக்குள் திட்டிய திட்டை அச்சில் ஏற்ற முடியாது.

என் மேசன்மாருக்குத் தலைவர் முத்தையா. மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அவர் பூசிய சுவரில் முகம் பார்க்கலாம். அவரோடு சேர்த்துப் பதினொரு பேர் என்னிடம் வேலை செய்தார்கள். ஓவசியர் என் பில்லில் பத்தில் ஒன்றை மறித்தால் நான் எங்கே போவேன்? நானும் அவர்களுடைய கூலியில் பத்தில் ஒன்றை மறித்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மறியல் காசு வந்த அன்றைக்கே தருவேன் என்று சத்தியம் செய்திருந்தேன்.

கட்டடத்தை ஒப்படைத்து, மூன்று மாதத்தில் ஓவசியர் தை மாத மழைக்குள் நனைந்துகொண்டு போய் சுவரையும் நிலத்தையும் பார்த்து, குறையில்லை என்று எழுதினார். கூரை, கதவு, யன்னல் எல்லாம் வருட முடிவில் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் சண்டை கிட்ட வந்துவிட்டது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அந்தக் கிராமம் முழுவதும் இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் வந்தது. எங்கள் ஊர்களில் இடம்பெயர்கிறவன் வீட்டையும் கழற்றிக்கொண்டுதான் போவான். கூரைத் தகரம், கதவு, நிலை, யன்னல் எல்லாம் உழவு மிசினில் ஏறும். ஆஸ்பத்திரியையும் அப்படியே கழற்றினார்கள். முத்தையாவே முன்னுக்கு நின்று, ஆணி வளையாமல் கழற்றிக் கொடுத்தார். “நாம போட்ட ஆணிங்க, நமக்குத்தானே தெரியும்” என்றார்.

மல்லாவிக்கு வந்து சேர்ந்ததும் அவரவர் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். வாட்டு ஊர் முழுக்கச் சிதறிப்போனது.

கார்த்திகை மாதக் கடைசியில் நான் ஓவசியரிடம் போனேன். அவருடைய கந்தோரும் இடம்பெயர்ந்து ஓர் அரிசி ஆலையின் பின்பக்கத்தில் இயங்கியது. எல்லாக் கோவையிலும் தவிடு படிந்திருந்தது. வருடம் முடிந்துவிட்டது, மறித்த காசை விடுவியுங்கள் என்று கேட்டேன். மார்கழி முப்பத்தோராம் திகதிக்குள் ஒப்பம் போய்ச் சேராவிட்டால் அந்தக் காசு கொழும்புத் திறைசேரிக்குத் திரும்பிவிடும். பிறகு அதைக் கடவுள் வந்தாலும் எடுக்க முடியாது.

“கட்டடத்தைப் பாக்கவேணுமே” என்றார்.

“கட்டடம் இல்லையே சேர். கழட்டியாச்சு.”

“அழிஞ்சுபோச்சோ?”

“அழியேல்லை. இடம்பெயர்ந்திட்டுது.”

“அப்ப இருக்குத்தானே? இடம்பெயர்ந்த சனத்தை இல்லையெண்டு எழுதுறமோ? வாங்கோ, பாப்பம்.”

அடுத்த ஒரு கிழமையும் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் அந்த வாட்டைத் தேடி அலைந்தோம். அவருடைய கரியரில் கட்டட வரைபடம் சுருட்டிக் கட்டியிருந்தது. தகரம் முழுவதும் யோகபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே கிடந்தது. பேக்கரிக்காரரைப் பாண் சுடும் போறணைக் கொட்டிலுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, உள்ளே ஒரு மணித்தியாலம் நின்று மேலே பார்த்தார். வெளியே வரும்போது வேட்டியோடு வெந்திருந்தார். ஒரு கதவு ரியூசன் கொட்டிலில் கரும்பலகையாக நின்றது. ரீச்சர் அதில் ஒரு கணக்கைப் போட்டு வைத்திருந்தார். ஓவசியர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, கணக்கில் இரண்டாவது வரி பிழை என்று சொல்லிவிட்டு வந்தார். கை கழுவும் பேசின் தேத்தண்ணீர்க் கடையில் கோப்பை கழுவியது. ஒரு யன்னல் சங்கக்கடையில் அடைப்புப் பலகையாக இருந்தது. இன்னொரு யன்னல் வவுனிக்குளத்தடியில், முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த திரேசம்மாவிடம் இருந்தது. கடலை விட்டு வந்தாலும் தொழிலை விட மனமில்லாத மனுஷி. குளத்து மீனைப் பிளந்து, அந்த யன்னல் பலகையில் பரப்பிக் கருவாடு போட்டுக்கொண்டிருந்தார். ஓவசியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு பிணைச்சலைத் திறந்து மூடிப் பார்த்து, ‘யன்னல் இலக்கம் ஐந்து: மணம் உண்டு. கட்டுமானக் குறை அன்று’ என்று எழுதினார்.

கடைசியாக இரண்டாவது கதவைத் தேடி முத்தையாவிடம் போனோம். ஒரு மேட்டுக் காணியில் தறப்பாள் ஒன்றைக் கட்டி, அதற்குக் கீழே குடும்பம் இருந்தது. ஆஸ்பத்திரி கட்டியவனின் வீடு அது. முதல் நாள் அடித்த மழையில் தறப்பாள் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. நாலு கல்லை வைத்து அதற்கு மேல் கதவைப் போட்டு, அந்தக் கதவில் அவருடைய மகள் படுத்திருந்தாள். எட்டு மாதம். கதவுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

“எழும்ப வேண்டாம் பிள்ளை, படுத்திருங்கோ. கீழால பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஓவசியர் சேற்றில் முழங்காலில் இருந்து, தலையைக் கீழே விட்டு, கதவின் அடிப்பக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

முத்தையா என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். “மொதலாளி, மறியல் காசு எப்பங்க வரும்? கிடுகும் தடியும் வாங்கி ஒரு குடிசை போட்டுட்டா போதுங்க. தையில புள்ள பொறந்திரும். இந்தத் தண்ணிக்குள்ள எப்படிங்க…”

“இந்த மாதம் முடியிறதுக்குள்ள வந்திடும் முத்தையா” என்றேன். அந்தப் பொய்யை அப்போது நானே நம்பினேன்.

திரும்பி வரும் வழியில் ஓவசியர் சைக்கிளை நிறுத்தினார். முழங்காலில் சேறு காய்ந்திருந்தது.

“தம்பி, இப்பிடித் துண்டு துண்டாப் பாத்து எழுதேலாது. கட்டடமெண்டா கட்டடமா நிக்கவேணும். எல்லாத்தையும் ஒருக்காப் பூட்டுங்கோ. பாத்திட்டு எழுதுறன்.”

எனக்குத் தலைக்குள் தீப்பிடித்தது. “சேர், மாதம் முடிய மூண்டு கிழமைதான் கிடக்கு. எங்க பூட்டுறது? உங்கட தலையிலயோ?”

அவர் கோபப்படவில்லை. “முத்தையான்ர காணி மேடுதானே” என்றார்.

அடுத்த நாளே கடிதங்கள் போயின. அரச இலச்சினை பதித்த தாளில், தமிழில் தட்டச்சுச் செய்து, ஆளுக்கு ஒன்று. ‘தங்கள் வசமுள்ள அரசாங்க யன்னலை மார்கழி இருபதாம் திகதி காலை ஒன்பது மணிக்கு முத்தையா அவர்களின் காணியில் பரிசோதனைக்குச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ ஒருவரும் வரமாட்டார்கள் என்று நான் பந்தயம் கட்டினேன். அரசாங்கம் என்பதே வவுனியாவோடு நின்றுபோன ஊரில் அரசாங்கக் கடிதத்தை யார் மதிப்பார்கள்?

எல்லாரும் வந்தார்கள். எங்கள் சனத்துக்குக் கடிதம் என்று வந்தால் போதும், அதுவும் பெயர் போட்டு வந்தால். பேக்கரிக்காரர் தகரத்தை உழவு மிசினில் ஏற்றி வந்தார். தகரத்தின் கீழ்ப்பக்கம் முழுக்க மாப் படிந்திருந்தது. ரீச்சர் கதவோடு வந்தார், கதவுக்குப் பின்னால் வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள். பாடம் முடியவில்லையாம். தேத்தண்ணீர்க் கடைக்காரர் பேசினைத் தலையில் தொப்பி போலக் கவிழ்த்துக்கொண்டு நடந்து வந்தார். திரேசம்மா யன்னலைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தும் நாய்கள் இரண்டு அவருக்குப் பின்னாலேயே வந்தன.

“சேர், எப்ப திருப்பித் தருவியள்? மீன் பழுதாப் போயிடும்” என்றார்.

“பரிசோதனை முடிய” என்றார் ஓவசியர்.

முத்தையாவும் பத்துப் பேரும் காட்டுத் தடி வெட்டி நட்டு, வாட்டின் வளைகளையும் சட்டங்களையும் ஏற்றித் தகரம் அடித்தார்கள். சுவருக்குக் களிமண் அப்பினார்கள். வரைபடத்தில் உள்ள அதே இடைவெளியில் கதவும் யன்னலும் நிற்க வேண்டுமென்று ஓவசியர் நாடா பிடித்து நின்றார். ஒன்பதாம் நாள் அந்த மேட்டில், காட்டுக்குள், வாய்க்காலும் தாங்கியும் இல்லாமல், பேசின் மட்டும் ஒரு தடியில் தொங்க, என்னுடைய பிரசவ வாட்டு திரும்பவும் நின்றது. பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, என்னவோ பெருமையாகவும் இருந்தது.

மார்கழி முப்பதாம் திகதி பரிசோதனை. காலையிலிருந்தே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. தகரத்தைக் கொண்டுபோக பேக்கரிக்காரர் உழவு மிசினோடு வந்து காத்திருந்தார். மற்றவர்களும் தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஓவசியர் குடையை மடக்கி வைத்துவிட்டுத் தனியே உள்ளே போனார். இரண்டு மணித்தியாலம் வெளியே வரவில்லை. முத்தையாவின் மகள் தறப்பாளுக்குக் கீழே, நனைந்த பாயில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

வெளியே வந்து அவர் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். கதவுகள், குறையில்லை. யன்னல்கள், குறையில்லை. ‘கூரை: வடகிழக்கு மூலையில் ஒழுக்கு. கொந்தராத்துக்காரர் திருத்தவேண்டும். திருத்திய பின் ஒரு மாரி கழியும்வரை கட்டடத்தின் எப்பகுதியும் அகற்றப்படலாகாது. மறித்த பணத்தில் பத்தில் ஒன்பது பங்கை விடுவிக்கலாம். மிகுதி ஒரு பங்கு அடுத்த வருடக் கணக்குக்கு மாற்றி மறிக்கப்படுகிறது.’

“பத்தில் ஒண்டில பத்தில் ஒண்டோ சேர்?” என்று கத்தினேன். “நீங்கள் மனிசனோ?”

“ஓம்” என்றார். எந்தக் கேள்விக்கு ஓம் என்றார் என்று எனக்குத் தெரியவில்லை.

பேக்கரிக்காரர் பாய்ந்தார். “ஐயா, என்ர தகரம்! நாளைக்குப் பாண் போடவேணும்!”

“அரசாங்கத் தகரம். குறை திருத்தினாப் பிறகுதான் கழட்டலாம். உங்களுக்குத் தறப்பாள் ஒண்டுக்கு எழுதித் தாறன்” என்றார் ஓவசியர். ரீச்சரிடமும் திரேசம்மாவிடமும் அதையே சொன்னார். அவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். ஒழுகக் கட்டியவன் நான்தானே.

போகும்போது முத்தையாவிடம், “காவலுக்கு ஆள் வேணும். கட்டடத்துக்குள்ள குடும்பத்தோட இருங்கோ” என்று ஓர் உத்தரவையும் எழுதிக் கொடுத்தார். மழைக்குள் சைக்கிளை மிதித்து, மறுநாள் மத்தியானம் கந்தோர் பூட்டுவதற்குள் என் பில்லைக் கணக்காளரின் கையில் கொடுத்துவிட்டார். தையில் காசு வந்தது. பதினொரு பேருக்கும் மறித்து வைத்ததை முழுதாகக் கொடுத்தேன். பற்றாக்குறையை என் பங்கிலிருந்து போட்டேன். அந்த வயிற்றெரிச்சல் எனக்குக் குறையவில்லை. அதே தை மாதம் முத்தையாவின் மகளுக்கு அந்த வாட்டிலேயே பிள்ளை பிறந்தது. அந்த ஆஸ்பத்திரியின் பழைய மருத்துவமாதுதான் வந்து பிரசவம் பார்த்தார்.

மாசி மாதம் நான் ஏணியும் தாரும் கொண்டு அங்கே போனேன். ஒழுக்கை அடைத்துவிட்டால் மிச்சக் காசுக்கான நாளை எண்ணத் தொடங்கலாம். வடகிழக்கு மூலையில் ஏறி ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். இரண்டாவது வாளி. மூன்றாவது. இறங்கி உள்ளே போனேன். அந்த மூலையில்தான் ஏணை கட்டியிருந்தார்கள். பிள்ளை அதற்குள் நித்திரை. நிலம் புழுதியாகக் கிடந்தது.

“இந்த மூலையில எப்பவாவது ஒழுகிறதோ பிள்ளை?” என்று கேட்டேன்.

“இல்லீங்களே. வந்த நாள்லேருந்து ஒரு சொட்டு விழலீங்க. அதனாலதானே இங்க கட்டியிருக்கோம்” என்றாள் முத்தையாவின் மகள்.

நான் வெறும் வாளியோடு நின்றேன். பதினேழு பைச் சீமெந்துக்காக என்னை நாலு மாதம் அலைய வைத்த மனுஷன், தன் கண்ணால் காணாத ஒன்றை முதல் தடவையாக எழுதியிருக்கிறார். இரண்டு மணித்தியாலம் அந்த மழைக்குள், ஒரு சொட்டும் விழாத கூரைக்குக் கீழே நின்று, எப்படித்தான் அதை எழுதினாரோ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை நான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்து, வெட்கத்தில் உடம்பு கூசியது.

வெளியே முத்தையா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒழுகுதாங்க மொதலாளி?”

“ஓம் முத்தையா. நல்லா ஒழுகுது. இது இப்போதைக்குத் திருத்தேலாத ஒழுக்கு” என்றேன்.

வீட்டுக்கு வந்து ஓவசியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வடகிழக்கு மூலை ஒழுக்கு பாரதூரமானது, திருத்துவதற்கு ஆறு மாதத் தவணை வேண்டும் என்று. அந்தச் சனம் மல்லாவியில் இருந்த காலம் முழுவதும் மூன்று தடவை அப்படித் தவணை கேட்டேன். மூன்று தடவையும் அவர் வந்து பார்க்காமலே, மறுநாளே அனுமதித்து ஒப்பம் வைத்தார்.